கம்ப்யூட்டரின் உதவியால் நிழற்படங்களைச் செப்பனிடுதல்

களப்பணியாளர் அனுப்பும் அறிக்கைகளில் நிழற்படம் இன்று இன்றியமையாத ஓர் உறுப்பாகிவிட்டது. பயிரில் தோன்றிய நோய், மண்ணரிப்பின் அளவு, பூச்சியின் வளர்ச்சிப் பருவம் ஆகியவற்றைப் பல வரிகளில் விவரிப்பதைவிடத் தெளிவான ஒரு படம் எளிதில் உணர்த்திவிடுகிறது. கைத்தொலைபேசியிலேயே காமிரா அமைந்திருப்பதால் படம் எடுப்பதும் சுலபமாகிவிட்டது. ஆயினும் எடுத்த படம் எடுத்தவாறே பயன்படுவது அரிது. அது சாய்ந்தோ, வேண்டாத பொருள்கள் சூழ்ந்தோ, மங்கியோ, நிறம் பிறழ்ந்தோ இருத்தல் கூடும். இக்குறைகளைக் களையும் முறைகளையும், அவற்றைக் கையாளும்போது எந்த எல்லையில் நிற்கவேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றுள் இரண்டாவது மிகவும் முக்கியமானது. செப்பனிடும் கருவி கவனமின்றிக் கையாளப்பட்டால், நோயுற்ற இலையை நலமுள்ளதாகவும் நலமுள்ள இலையை நோயுற்றதாகவும் காட்டிவிடும்.

எண்களால் ஆன படம்

கம்ப்யூட்டர் படத்தைப் படமாக அறிவதில்லை. எண்களின் தொகுப்பாகவே அறிகிறது. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தேசீயத் தர அளவை நிலையத்தில் ரஸ்ஸல் கெர்ஷ் என்னும் பொறியியலாரும் அவருடைய சகாக்களும் ஒரு நிழற்படத்தை முதன்முதலாகக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தினர். அது கெர்ஷின் கைக்குழந்தையின் படம். நீளத்தில் 176, அகலத்தில் 176 என, மொத்தம் 30,976 புள்ளிகளாக அது பிரிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் பிக்ஸல் எனப்படும் இப்புள்ளியைப் படப்புள்ளி என்று இக்கட்டுரையில் வழங்குவோம். இன்று சாதாரணக் காமிரா ஒன்று எடுக்கும் படத்தில் 4,000க்கு 3,000 என்ற கணக்கில் 1 கோடியே 20 லட்சம் படப்புள்ளிகள் அடங்கியிருக்கக் காணலாம்.

ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. வழக்கமான முறையில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். மூன்றும் 0 ஆயின் கருமை. மூன்றும் 255 ஆயின் வெண்மை. மூன்றும் சமமாய் இடைப்பட்டிருந்தால் சாம்பல் நிறம். சிவப்பும் பச்சையும் சமமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் இருந்தால் மஞ்சள். படத்தைச் செப்பனிடுவது என்பது இவ்வெண்களை ஒரு விதிப்படி மாற்றுவதேயன்றி வேறில்லை. இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

இப்பணிக்கான மென்பொருள்கள் பல. தாமஸ் நால், ஜான் நால் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதனை விலை கொடுத்தே பெறவேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவர் 1995ஆம் ஆண்டில் தொடங்கிய கிம்ப் என்னும் மென்பொருளோ இலவசமாகக் கிடைப்பது. யாவரும் தடையின்றிப் பிரதி எடுத்து வழங்கக்கூடியது. பள்ளிகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் இதுவே ஏற்றதாகலின், இங்குக் கூறப்படும் கருவிப் பெயர்கள் கிம்ப் மென்பொருளைச் சார்ந்தவை.

முதல் விதி

எப்பணியையும் தொடங்குமுன் மூலப்படத்தைத் தனியே ஓரிடத்தில் வைத்துவிட்டு, அதன் பிரதியிலேயே வேலை செய்தல் வேண்டும். இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, படம் பற்றி ஐயம் எழுந்தால் காட்டவேண்டிய சான்று மூலப்படமே. இரண்டாவது, காமிராக்கள் பெரும்பாலும் ஜேபெக் என்ற அமைப்பில் படத்தைச் சேமிக்கின்றன. 1992இல் தர நிர்ணயம் பெற்ற இவ்வமைப்பு, படத்தை 8க்கு 8 படப்புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதிற் புலனாகாத நுட்பங்களை நீக்கிச் சுருக்குகிறது. மாற்றம் செய்து மீண்டும் மீண்டும் இவ்வமைப்பிலேயே சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுட்பங்கள் சிறிது சிறிதாக மறையும். ஆகையால் வேலை முடியும்வரை கிம்ப் மென்பொருளுக்கே உரிய எக்ஸ்ஸிஎஃப் என்ற அமைப்பில் சேமித்து, இறுதியில் ஒருமுறை மட்டும் ஜேபெக் அமைப்பில் வெளியிடுவது நலம்.

நிமிர்த்துதலும் வெட்டுதலும்

சாய்ந்த படத்தை ரொட்டேட் என்னும் கருவியால் நிமிர்த்தலாம். அடுத்து கிராப் என்னும் கருவியால் வேண்டாத ஓரங்களை வெட்டி நீக்கலாம். இது தீங்கற்றதாகத் தோன்றினும், எதை வெட்டுகிறோம் என்பதை ஆராய்ந்தே செய்தல் வேண்டும். தழைச்சத்துக் குறைவால் மஞ்சளாகும் பயிரில் கீழேயுள்ள முதிர்ந்த இலைகளே முதலில் வெளுக்கும். இரும்புச்சத்துக் குறைவால் வெளுப்பதாயின் இளந்தளிர்களே முதலில் வெளுக்கும். மஞ்சளான இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டியெறிந்தால், அவ்விலை செடியில் எங்கிருந்தது என்ற செய்தி மறைந்துவிடும். அச்செய்தியின்றி நிபுணரால் காரணத்தைப் பிரித்தறிய இயலாது. பொருளின் அளவைக் காட்ட வைத்த அடிக்கோலையும் வெட்டிவிடலாகாது.

ஒளியளவைச் சீர்செய்தல்

மங்கலான படத்தைத் தெளிவாக்க லெவல்ஸ் என்னும் கருவி உதவுகிறது. கலர்ஸ் என்னும் பட்டியலில் இது உள்ளது. இதனைத் திறந்தவுடன் ஹிஸ்டோகிராம் என்னும் பரவல் வரைபடம் தோன்றும். கிடைக்கோட்டில் 0 முதல் 255 வரையுள்ள ஒளியளவுகளும், ஒவ்வோர் அளவிலும் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதைக் காட்டும் உயரங்களும் அதில் அமைந்திருக்கும். கணித ஆசிரியர்கள் வகுப்பில் கற்பிக்கும் வரைபடமே இது.

பனிமூட்டத்தில் எடுத்த படம் ஒன்றில் எல்லாப் புள்ளிகளும் 60க்கும் 190க்கும் இடையே அடங்கியுள்ளன எனக் கொள்வோம். உண்மையான கருமையும் இல்லை, வெண்மையும் இல்லை, எனவே படம் வெளிறித் தோன்றுகிறது. இடப்பக்க முக்கோணத்தை 60க்கும் வலப்பக்க முக்கோணத்தை 190க்கும் நகர்த்தினால், 60 என்பது 0 ஆகவும் 190 என்பது 255 ஆகவும் மாறும். நடுவிலுள்ள 125 என்ற அளவு ஏறத்தாழ 128 ஆகும். படம் தெளிவுபெறும். ஆனால் இடப்பக்க முக்கோணத்தை 90 வரை இழுத்துவிட்டால், 60 முதல் 90 வரை வேறுபட்டிருந்த நிழற்பகுதிகள் யாவும் ஒரே கருமையாகிவிடும். அதன்பின் அந்நிழலில் பூச்சி இருந்ததா இல்லையா என்று கூற இயலாது. வரைபடத்தின் இரு விளிம்புகளுக்கு உட்புறமாக முக்கோணங்களைச் செலுத்தலாகாது என்பதே பொது விதி.

நிறத்தைச் சீர்செய்தல்

பகல் ஒளி, மேகமூட்டம், மின்விளக்கு ஆகியவற்றின் ஒளி ஒரே நிறமுடையதன்று. நம் கண்ணும் மூளையும் இவ்வேறுபாட்டைத் தாமாகவே ஈடுசெய்துகொள்கின்றன. காமிராவோ ஊகத்தால் ஈடுசெய்கிறது. அவ்வூகம் தவறுவதும் உண்டு. இதனைக் கண்டறிய எளிய உபாயம், படம் எடுக்கும்போதே பொருளின் அருகில் வெள்ளைத் தாள் ஒன்றை வைப்பதாகும்.

விளக்கொளியில் எடுத்த நெல் இலையின் படத்தில், தாளின் மீதுள்ள புள்ளி சிவப்பு 240, பச்சை 220, நீலம் 180 எனக் காட்டுவதாகக் கொள்வோம். வெள்ளைத் தாளில் மூன்றும் சமமாக இருத்தல் வேண்டும். ஆகவே சிவப்பை 240இல் 220 பங்காகக் குறைத்து, நீலத்தை 180க்கு 220 என்ற விகிதத்தில் கூட்டவேண்டும். அதே படத்தில் இலையின் மீதுள்ள புள்ளி 150, 150, 60 என்று இருந்தால், அது மஞ்சள் நிறம். மேற்கூறிய விகிதங்களால் திருத்தினால் அது ஏறத்தாழ 138, 150, 73 ஆகிறது, பச்சை மேலோங்குகிறது. இலையில் கண்ட மஞ்சளில் ஒரு பகுதி விளக்கினுடையது என்பது இதனால் புலப்படும். திருத்தாமல் அனுப்பியிருந்தால் தேவையற்ற யூரியா இடுமாறு சிபாரிசு செய்ய நேர்ந்திருக்கும். மென்பொருள் இதனை இன்னும் நுட்பமாகக் கணிப்பினும் தத்துவம் இதுவே.

லெவல்ஸ் கருவியிலுள்ள சாம்பல் நிறப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் துளிக்குழாய்க் குறியைத் தாளின் மீது வைத்து அழுத்தினால் இத்திருத்தம் நிகழும். இதில் இரண்டு எச்சரிக்கைகள். தாள் அதிக ஒளியால் 255, 255, 255 என முற்றும் வெளுத்திருந்தால் அதிலிருந்து விகிதம் எதுவும் அறிய முடியாது. ஆகவே தாளை நேர்வெயிலில் மின்னும்படி வைக்கலாகாது. தாள் இல்லாத படத்தில் மண்ணையோ இலையையோ சாம்பல் நிறமெனக் கருதி அழுத்தினால், நோயின் நிறமே அழிந்துபோகும். தாள் இல்லையேல் நிறத்தைத் தொடாமல் விட்டு, எவ்வொளியில் எடுத்தது என்று குறிப்பெழுதுவதே நேர்மையானது.

அளவும் கூர்மையும்

அறிக்கையில் சேர்ப்பதற்குப் படத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் போதும். எனவே 4 அங்குல அகலமுள்ள படத்துக்கு 1,200 படப்புள்ளிகள் போதுமானவை. நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் குறையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் உருண்டை விதை நீண்ட விதையாகிவிடும். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் புதிய செய்தி எதுவும் கிடைப்பதில்லை. இடைப்பட்ட எண்களை மென்பொருள் கணித்து நிரப்புகிறது, அவ்வளவே.

கூர்மையாக்குதல் கடைசி வேலை. இக்கருவி விளிம்பின் இருபுறமும் உள்ள வேறுபாட்டை மிகுதிப்படுத்துகிறது. அளவு மீறினால் விளிம்பைச் சுற்றி உண்மையில் இல்லாத வெண்கீற்று ஒன்று தோன்றும். இலை ஓரத்தில் அதனை நோய்க்குறி என மயங்க இடமுண்டு.

எல்லை எது?

மென்பொருளில் குளோன், ஹீல் என இரு கருவிகள் உள்ளன. படத்தின் ஒரு பகுதியைப் பிரதி செய்து மற்றொரு பகுதியை மூடுவதே இவற்றின் வேலை. திருமணப் படத்தில் சட்டைக் கறையை நீக்க இவை பயன்படலாம். சான்றாக அமையும் படத்தில் இவற்றுக்கு இடமில்லை. உத்தரப் பிரதேசத் தராய்ப் பகுதியில் நெற்பயிரைத் தாக்கிய கைரா நோய், துத்தநாகச் சத்துக் குறைவால் விளைவது என்று பந்த் நகரில் பணிபுரிந்த ஒய். எல். நெனே 1966இல் எடுத்துக்காட்டினார். அந்நோயின் அடையாளம் இலையில் தோன்றும் துருநிறப் புள்ளிகள். தூசி என்று எண்ணி அப்புள்ளிகளைத் துடைத்துவிட்டால், துடைக்கப்பட்டது நோயின் சாட்சியே. படத்தை வழவழப்பாக்கும் கருவிகளாலும் இதே தீங்கு நேரும்.

இது சிறியோர் மட்டும் செய்யும் தவறன்று. 1982ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில், படம் இடத்துக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக கீஸா பிரமிடுகள் ஒன்றையொன்று நெருங்குமாறு மாற்றப்பட்டன. அது பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. விஞ்ஞான உலகில் ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி என்னும் ஏடு, தான் ஏற்ற கட்டுரைகளின் படங்களில் மோசடி உண்டா என 2002 முதல் சோதித்து வருகிறது. அவ்வேடு 2004இல் விளக்கிய நெறிகளின் சாரம் இது: ஒளியையும் நிறத்தையும் படம் முழுவதற்கும் ஒரே சீராகத் திருத்தலாம், படத்தின் ஓர் உறுப்பை மட்டும் தனியே எடுப்பாக்குதல், மறைத்தல், நகர்த்தல், நீக்குதல், புதிதாகச் சேர்த்தல் ஆகியன கூடா. களப்பணியாளருக்கும் இதனினும் தெளிவான விதி தேவையில்லை.

செய்த திருத்தங்களைப் படத்தின் அடியில் ஒரு வரியில் குறிப்பிடுவதும் நல்ல பழக்கம். காமிரா படத்தோடு சேர்த்து எழுதும் நாள், நேரம், இடம் ஆகிய குறிப்புகளை அலுவலகப் பிரதியில் அழிக்காமல் காக்கவேண்டும். பொதுமக்களுக்கு வெளியிடும் பிரதியில், விவசாயியின் நிலத்தைக் காட்டிக்கொடுக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடவேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் ஒரே இலையை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, வகுப்பறை விளக்கொளியிலும், மர நிழலிலும், மாலை வெயிலிலும் மூன்று படங்கள் எடுக்கச் செய்யலாம். தாளின் மீதும் இலையின் மீதும் உள்ள எண்களை மாணவர் படித்து அட்டவணை இடட்டும். பிறகு தாளைக் கொண்டு மூன்றையும் திருத்தி, இலையின் எண்கள் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று ஒப்பிடட்டும். அவை முற்றிலும் ஒன்றாகா. ஏன் ஆகவில்லை என்ற வினாவே பாடத்தின் பயனுள்ள பகுதியாகும்.

விவசாயி ஒருவர் தம் வயலின் நோய்க்கு மருந்து கேட்கும்போது, தொலைவிலுள்ள நிபுணர் காண்பது வயலை அன்று. நாம் அனுப்பிய படத்தையே. அப்படம் தெளிவாயிருத்தல் வேண்டும். அதனினும் மேலாக, உள்ளதை உள்ளவாறு உரைப்பதாயிருத்தல் வேண்டும்.