பணம் போன வழியும் பாங்கிகளின் பொறுப்பும்

தஞ்சை ஜில்லாவில் ஒரு சிற்றூரில் முப்பத்திரண்டு வருஷம் உபாத்தியாயராக இருந்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நமக்கு நெடுநாளைய சிநேகிதர். கணக்கிலே கெட்டிக்காரர். கடைக்காரன் ஒரு ரூபாய் சில்லறை குறைத்துக் கொடுத்தாலும் நின்று கேட்டு வாங்குகிறவர். அப்படிப்பட்டவர் ஆறே வாரத்தில் 38 லட்ச ரூபாயை இழந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது நாம் நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தோம். பேசுவதற்கே வெட்கப்பட்டார். உள்ளே இருந்தபடியே அவருடைய மனைவியார், "எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், நாலு பேருக்காவது உபயோகப்படட்டும்" என்றார். அதன் பிறகே பெரியவர் வாய் திறந்தார்.

கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரத்தைத் தொட்டார். ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்க்கப்பட்டார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தினர். 'பேராசிரியர்' என்ற பட்டம் தரித்த ஒருவர் காலைதோறும் பங்குச்சந்தையைப் பற்றிப் பாடம் நடத்துவார். மாலையில் அங்கத்தினர் தத்தம் லாபக் கணக்கின் படத்தைப் போட்டு அவருக்கு வந்தனம் கூறுவர். பாடம் சொன்னவரும், லாபம் கண்டவர்களும், சந்தேகம் கேட்டுத் தெளிந்தவர்களும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தார் என்பது நம் நண்பருக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆயுள் முழுவதும் பிறருக்குப் பாடம் சொன்னவருக்கு, தாம் மாணாக்கராக உட்காருவதில் ஒரு சந்தோஷம் இருந்ததாம்.

முதலில் 50,000 ரூபாய் போட்டார். அவர்கள் கொடுத்த செயலியில் அது 61,000 ஆயிற்று. 10,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். மறுநாளே வந்து சேர்ந்தது. அந்தப் பதினாயிரமே தூண்டிற்புழு. பிறகு, புதுக் கம்பெனிகளின் பங்குகள் அவர் பேரில் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், முழுத்தொகையையும் கட்டாவிடில் போட்டதும் முடங்கிப் போகும் என்றும் நெருக்கினார்கள். சேமிப்புக் கணக்கிலிருந்த ஐந்தரை லட்சம் போயிற்று. ஓய்வு பெற்றபோது கிடைத்து, நிரந்தர வைப்பில் இருந்த 26 லட்சமும் போயிற்று. செயலியின் திரையில் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் என்று காட்டிற்று. அதை எடுக்கப் போனால், முதலில் வரி கட்டவேண்டும் என்றார்கள். மனைவியின் நகைகளை அடகு வைத்து 6 லட்சம் அனுப்பினார். அத்துடன் குழுவும் மறைந்தது, பேராசிரியரும் மறைந்தார்.

இந்தக் கதையைக் கேட்பவர் யாவரும் 'பேராசை' என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். பாங்கி மானேஜர் சொன்னார், உறவினர் சொன்னார், தாமும் இரவில் தமக்கே சொல்லிக்கொள்வதாக நண்பர் கூறினார். ஆசை இருந்தது உண்மையே. நிரந்தர வைப்பை உடைக்கப் போனபோது, எதற்காக என்று கேட்ட குமாஸ்தாவிடம், திருடர்கள் சொல்லிக்கொடுத்தபடி 'வீட்டுக் காரியம்' என்று பொய் சொன்னதும் உண்மையே. அவரைக் குற்றமற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. (முதிர்வுக்கு முன் வைப்பை முடித்ததற்காக, அந்தப் பாங்கி வட்டியில் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கண்டிப்பில் ஒரு குறைவும் இல்லை.) ஆனால் ஒருவனுடைய ஆசை மட்டும் 38 லட்சத்தைத் தஞ்சை ஜில்லாவிலிருந்து வெளியே கொண்டுபோய்விட முடியாது. அதைக் கொண்டுபோனவை பாங்கிகள். அந்த வழியைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

பணம் ஒன்பது தவணையில் ஐந்து பாங்கிகளிலுள்ள கணக்குகளுக்குப் போயிருக்கிறது. ஒன்று தானிய வியாபாரி பேரில். ஒன்று இரும்புச் சாமான் கடை பேரில். மற்றொன்று வடக்கே ஒரு நகரத்து ஜவுளிக் கடை பேரில். பங்கு வாங்கும் பணம் இரும்புக் கடைக்கு ஏன் போகவேண்டும் என்று நண்பர் கேட்டிருக்கிறார். 'அவர்கள் எங்கள் ஏஜண்டுகள்' என்று பதில் வந்திருக்கிறது. அவர் ஏமாந்தார். ஆனால் அந்த இரும்புக் கடையின் கணக்கு திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதில் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும், ஒருவரையொருவர் அறியாத மனிதரின் பணம் லட்சம் லட்சமாக வந்து, சில மணி நேரத்துக்குள் வெளியேறிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் கண்டுகொண்டிருந்த பாங்கி எப்படி ஏமாந்தது?

இவற்றை வாடகைக் கணக்குகள் எனலாம். வேலையற்ற யாரோ ஓர் இளைஞனிடம் சில ஆயிரங்களைக் கொடுத்து, அவனுடைய ஆதாரையும் பான் அட்டையையும் வாங்கி, இல்லாத கடைக்குக் கணக்குத் திறக்கிறார்கள். வந்த பணம் பத்து இருபது கணக்குகளாகச் சிதறி, ஏடிஎம்மில் ரொக்கமாகிறது. அல்லது கிரிப்டோ நாணயமாகி எல்லை கடக்கிறது. எல்லைக்கு அப்பால் கம்போடியாவிலும் மியான்மரிலும் மோசடிக்கென்றே முகாம்கள் இருப்பது உலகறிந்த செய்தி. தாய்லாந்தில் உத்தியோகம் என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, இத்தொழிலுக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ் இளைஞர் சிலர் 2022-ம் வருஷம் மீட்கப்பட்டுச் சென்னைக்குத் திரும்பினர். இப்புறம் பணம் இழப்பவனும் தமிழன். அப்புறம் அடிக்குப் பயந்து செய்தி தட்டுகிறவனும் ஒருவேளை தமிழனே.

இணையவழிப் பணமோசடிகள் யாவற்றிலுமாக 2023-ல் தேசத்து ஜனங்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி. பார்லிமெண்டில் சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கு இது.

சென்னைவாசிகளுக்குச் சேமிப்பை இழப்பது புதிதன்று. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தபோது எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. ஆனால் அன்று இழந்தவனுக்குப் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. குற்றவாளி யார் என்று தெரிந்திருந்தது. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் விசாரிக்கப்பட்டு 18 மாதக் கடுங்காவல் பெற்றார். வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோர் முயன்று, மறு வருஷமே இந்தியன் பாங்கியை ஸ்தாபித்தனர். பிற்காலத்தில் சீட்டுக் கம்பெனிகளும் வைப்புக் கம்பெனிகளும் ஜனங்களை வஞ்சித்தபோது, 1997-ல் தமிழ்நாட்டுச் சட்டமொன்று அவற்றின் ஆஸ்திகளை ஜப்தி செய்ய வகை செய்தது. இன்றைய திருடனுக்கோ பெயர்ப்பலகையும் இல்லை, ஜப்தி செய்யக் கட்டடமும் இல்லை. அவனுக்கு உள்ள ஒரே நிஜமான விலாசம் அவன் வாடகைக்கு எடுத்த பாங்கிக் கணக்கு.

சட்டத்தின் விநோதத்தைப் பாருங்கள். பாங்கி திவாலானால், வைப்பு வைத்தவருக்கு 5 லட்ச ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. தம் அனுமதியின்றிக் கணக்கிலிருந்து பணம் களவு போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கி பிறப்பித்த உத்தரவுப்படி, தம் தவறு இல்லாத வரையில் நஷ்டம் அவரைச் சேராது. ஆனால் வஞ்சிக்கப்பட்டுத் தாமே அனுப்பியவருக்கு அந்த உத்தரவு இடம் கொடுக்கவில்லை. பெறுகிறவரின் பெயரை அனுப்புகிறவர் முன்கூட்டிச் சரிபார்க்கும் வசதியை நெப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் 2025 ஏப்ரலுக்குள் ஏற்படுத்த ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. நல்லதே. ஆயினும் திருடன் இரும்புக் கடை என்று சொல்ல, திரையும் இரும்புக் கடை என்றே காட்டினால் என்ன பயன்?

இங்கிலாந்தை நாம் முன்மாதிரியாகக் கொள்வது வழக்கமன்று. இவ்விஷயத்தில் மட்டும் அங்கே நடந்ததைச் சொல்லவேண்டியிருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல் அங்கே, உள்நாட்டுப் பாங்கிக் கணக்குகளிடையே இப்படி வஞ்சகத்தால் அனுப்பப்பட்ட பணத்தை 85,000 பவுன் வரையில் திருப்பித் தரும் கடமை பாங்கிகளைச் சேர்ந்தது. அதில் பாதியை அனுப்பிய பாங்கியும், மறு பாதியைத் திருடனுக்குக் கணக்குக் கொடுத்த பாங்கியும் ஏற்கவேண்டும். மிதமிஞ்சிய அஜாக்கிரதை உடையவருக்கு மாத்திரம் மறுக்கலாம். அதை நிரூபிப்பதும் பாங்கியின் பொறுப்பே. 'இப்படிச் செய்தால் ஜனங்கள் கவனமற்றுப் போவார்கள்' என்று இங்குள்ள பாங்கிக்காரர் ஆட்சேபிக்கலாம். பெறும் பாங்கிக்கு இன்றுள்ள கவனமின்மையைப் பற்றி அவர்கள் முதலில் பேசட்டும். வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் 'மியூல்ஹன்டர்' என்ற யந்திர நுண்ணறிவுச் சாதனத்தைப் பற்றி ரிசர்வ் பாங்கியே 2024 டிஸம்பரில் அறிவித்திருக்கிறது. ஆகவே கண்டுபிடிக்க இயலாது என்ற வாதம் செல்லாது. நஷ்டத்தில் பாதி தன் தலையில் விழும் என்று தெரிந்த பாங்கி, கணக்குத் திறக்குமுன் அந்த இரும்புக் கடையைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

இதற்கிடையில் ஜனங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணம் போன அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், அடுத்த கணக்குக்குத் தாவுமுன் பணத்தை நிறுத்திவைக்க இடமுண்டு. வேதாரண்யத்தில் உப்பு எடுத்த வருஷத்தை மறவாதவர்களுக்கு அந்த எண்ணும் மறக்காது. பங்குத் தரகர் கொடுக்கும் கணக்கு உண்மையானதா என்பதை 'செபி செக்' என்ற வசதியில் பார்த்துக்கொள்ளலாம். நம் நண்பர் மானத்துக்கு அஞ்சி நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் மகனிடம் சொல்லி, 1930-க்குத் தெரிவித்தபோது, ஒன்பது தவணைகளில் ஒன்றிலிருந்து 1,40,000 ரூபாய் மாத்திரம் அகப்பட்டது. அதைப் பெறவும் நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.

அவருடைய பாங்கி இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டது: பணமாற்றங்கள் யாவும் தாங்களே செய்தவையாதலால் எமக்குப் பொறுப்பில்லை. பிறகு அவர், பணத்தைப் பெற்ற பாங்கிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதன் நகலை நமக்கும் காட்டினார். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. 'இரும்புக் கடையின் பேரில் கணக்குத் திறந்த தேதி என்ன? கடையை நேரில் சென்று பார்த்த உத்தியோகஸ்தர் யார்?' என்று இரண்டே கேள்விகள். பதிவுத் தபாலில் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது, பதில் வரவில்லை.