நீர்க்குளிர்வு மேசைக்கணினி

மையச் செயலகமும் வரைகலை அட்டையும் வெளிவிடும் வெப்பத்தை, குழாய்களில் சுற்றிவரும் நீர்மத்தின் வழியே வெளியேற்றும் கணினி நீர்க்குளிர்வு மேசைக்கணினி எனப்படும். பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பயனரே பொருத்துவது தனிப்பயன் நீர்க்குளிர்வு ஆகும். இதனைச் சிறிய பெட்டகத்துக்குள் அமைக்கும்போது இடம், வெப்பம், கசிவு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியுள்ளது. திருச்சிராப்பள்ளி போன்ற வெப்பமான ஊரில் இம்மூன்றில் வெப்பமே முதன்மையானது.

நீரைப் பயன்படுத்தக் காரணம்

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4,180 ஜூல் ஆற்றல் தேவை. ஒரு கிலோ காற்றுக்கு ஏறத்தாழ 1,000 ஜூல் போதும். கன அளவில் ஒப்பிட்டால், ஒரு லிட்டர் நீர் ஒரு லிட்டர் காற்றைப்போல் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கணினி 400 வாட் வெப்பத்தை வெளியிடுவதாகக் கொள்வோம். காற்றின் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் உயராமல் அவ்வெப்பத்தை வெளியேற்ற, வினாடிக்குச் சுமார் 33 லிட்டர் காற்று ஓட வேண்டும். அதாவது 15 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டகத்தின் காற்று முழுவதும் வினாடிக்கு இருமுறை மாற வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் நீரோ அதே வெப்பத்தை ஏற்று, ஒரு சுற்றில் ஒன்றரை பாகைகூட உயர்வதில்லை. இதனால் பாகங்களை எந்த வரிசையில் குழாயால் இணைத்தாலும் பெரிய வேறுபாடு ஏற்படாது.

திருச்சிராப்பள்ளியில் நீர்மக் குளிர்வு

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள 'பரம் பொருள்' மீக்கணினி நீர்மக் குளிர்வில் இயங்குவதாகும். தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ், சி-டாக் நிறுவனத்துடன் 2020 அக்டோபரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இது நிறுவப்பட்டு, 2022 மே 25 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள். இதில் 'நேரடித் தொடர்பு நீர்மக் குளிர்வு' என்ற முறை பின்பற்றப்படுகிறது. சில்லுகளின் மேல் பொருந்திய தகடுகளுக்குள் நீர்மம் ஓடி வெப்பத்தை எடுத்துச் செல்வதால், குளிரூட்டலுக்கு ஆகும் மின்செலவு குறைகிறது.

மேசைக்கணினியிலும் தத்துவம் இதுவே. ஆனால் மீக்கணினியின் வெப்பத்தை வெளியேற்றத் தனி வசதிகள் உண்டு. மேசைக்கணினியின் வெப்பம் முழுவதும், ஆள் அமர்ந்திருக்கும் அறைக்குள்ளேயே வந்து சேர்கிறது.

பாகங்கள்

- நீர்த்தகடு: சில்லின் மேல் வெப்பக்கடத்துப் பசையுடன் பொருத்தப்படுவது. உள்ளே மெல்லிய செப்பு வரிகள் இருக்கும்.
- பம்ப்: நீரைச் சுற்றவைப்பது. நீரின்றி ஓடினால் பழுதாகிவிடும்.
- நீர்த்தேக்கி: நீர் நிரப்பவும் குமிழ்கள் பிரியவும் உதவுவது. பெரும்பாலும் பம்புடன் இணைந்தே கிடைக்கும்.
- ரேடியேட்டர்: கார் ரேடியேட்டரைப் போன்றது. விசிறி இதன் வழியே காற்றைச் செலுத்தும்.
- குழாய்களும் இணைப்பிகளும்.

சிறு பெட்டகத்தின் வரம்பு

இவ்வகைப் பெட்டகங்களில் 170 மில்லிமீட்டர் சதுரமுள்ள மினி-ஐடிஎக்ஸ் தாய்ப்பலகை பொருத்தப்படுகிறது. 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு பொருந்தும் ரேடியேட்டர் ஒன்றுக்கே பெரும்பாலும் இடமிருக்கும். 30 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் விசிறியும் சேர்ந்து 55 மில்லிமீட்டர் தடிப்பு கொள்ளும். நினைவகமும் மின்கம்பிகளும் அந்த இடத்தில் இடிக்காதவாறு, பாகங்களை வாங்கும் முன்பே அளந்து வரைபடம் இட்டுக்கொள்வது அவசியம்.

வளைக்க எளிதான மென்குழாயே சிறு பெட்டகத்துக்கு ஏற்றது. சில பிவிசி குழாய்களிலிருந்து காலப்போக்கில் கசியும் மென்மையாக்கிப் பொருள் நீர்த்தகட்டின் வரிகளை அடைத்துவிடும். ஈபிடிஎம் ரப்பர் குழாயில் இச்சிக்கல் இல்லை.

கோடை வெயிலும் மண்பானையும்

மண்பானையில் உள்ள நீர் அறையைவிடக் குளிர்ந்திருக்கிறது. அதன் சுவர் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதே காரணம். கணினிக்குள் உள்ள சுற்று மூடியது. அங்கு நீர் ஆவியாவதில்லை. எனவே எத்தனை விலையுயர்ந்த பாகங்களைப் பொருத்தினாலும் நீர் அறை வெப்பநிலைக்குக் கீழே செல்லாது.

ரேடியேட்டரின் அளவும் விசிறியின் வேகமும் நீர் அறையைவிட எத்தனை பாகை கூடுதலாக இருக்கும் என்பதையே முடிவு செய்கின்றன. அது 12 பாகை எனக் கொண்டால், 25 பாகை உள்ள அறையில் நீர் 37 பாகையில் இருக்கும். திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ சித்திரை, வைகாசி மதியத்தில் அறையே 36 பாகையை எட்டும்போது அது 48 பாகையாகிவிடும். பல பம்புகளுக்கும் குழாய்களுக்கும் 60 பாகையே உச்ச வரம்பு. குளிர்நாட்டுப் பயனர்களின் அளவீடுகளை நம்பிச் சிறிய ரேடியேட்டரை வாங்குவது இதனால் பொருந்தாது.

பனிக்கட்டி அல்லது குளிரூட்டும் கருவி கொண்டு நீரை அறைக்குக் கீழே குளிர்விப்பதும் தீர்வாகாது. குளிர்பானப் புட்டியின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் குழாய்களில் ஈரம் படிந்து தாய்ப்பலகையில் சொட்டும்.

எந்த நீர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான ஸ்ரீரங்கத்தில் குழாய் நீர் குடிக்க உகந்ததாக இருந்தாலும், கணினிக்கு உகந்ததன்று. அதில் கரைந்துள்ள உப்புகள் செப்பு வரிகளில் படியும். வடித்த நீருடன் அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் சேர்த்தோ, இவை கலந்து விற்கப்படும் குளிர்வு நீர்மத்தையோ பயன்படுத்தலாம்.

செப்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். நீரில் நனைந்த இரு வேறு உலோகங்கள் மின்கலம்போல் செயல்பட, அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும்.

கசிவுச் சோதனை

முதல்முறை நீர் நிரப்பும்போது தாய்ப்பலகைக்கும் வரைகலை அட்டைக்கும் மின்சாரம் செல்லக் கூடாது. மின்வழங்கியிலிருந்து பம்புக்கு மட்டும் இணைப்புக் கொடுத்து, ஒவ்வோர் இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்து, ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வடித்த நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்று கசிவை அலட்சியப்படுத்த முடியாது. பலகையில் படிந்த தூசியும் உப்பும் கரைந்தவுடன் அதே நீர் கடத்தியாகிவிடும்.

பம்பின் வேகத்தைக் காட்டும் கம்பியைத் தாய்ப்பலகையின் செயலக விசிறி முனையில் செருகுவது நல்லது. பம்ப் நின்றுபோனால், கணினியைத் தொடங்கும்போதே எச்சரிக்கை கிடைக்கும்.

யாருக்குத் தேவை

அலுவலகப் பணி, நிரலாக்கம், படிப்பு ஆகியவற்றுக்கான கணினியில் காற்றுக்குளிர்வே போதுமானது. செலவும் பராமரிப்பும் குறைவு. 450 வாட் வரை மின்சாரம் கொள்ளும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற அட்டைகளைச் சிறு பெட்டகத்தில், குறைந்த இரைச்சலுடன், நெடுநேரம் இயக்குவோருக்கே நீர்க்குளிர்வு பயன்தரும். ஆண்டுக்கொரு முறை நீரை மாற்றுவதும், ரேடியேட்டரில் படியும் தூசியைக் கோடைக்கு முன் நீக்குவதும் தவிர்க்க முடியாத பராமரிப்புகளாகும்.