ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரில் தயாரிப்பாளர் மாற்றங்கள்

ஈஸ்ட்எண்டர்ஸ் என்பது ஐக்கிய இராச்சியத்தின் பிபிசி நிறுவனம் ஒளிபரப்பி வரும் ஒரு தொலைக்காட்சி நெடுந்தொடர் ஆகும். இதன் முதல் பகுதி 1985 பெப்ரவரி 19 அன்று ஒளிபரப்பானது. கிழக்கு இலண்டனில் அமைந்திருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட வால்ஃபோர்டு என்னும் பகுதியே கதைக்களம். அங்குள்ள ஆல்பர்ட் சதுக்கத்தில் வாழும் குடும்பங்களின் வாழ்க்கையை இத்தொடர் சித்தரிக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் இந்நாடகத்தைப் பல தயாரிப்பாளர்கள் நடத்தியுள்ளனர். ஒவ்வொருவரும் கதையின் போக்கையும், கதைமாந்தரையும், சில வேளைகளில் தொடரின் தோற்றத்தையும் மாற்றியுள்ளனர். அம்மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

தயாரிப்பாளரின் பணி

திரைப்படத் துறையில் தயாரிப்பாளர் என்பவர் பெரும்பாலும் பணம் முதலீடு செய்பவராகவே அறியப்படுகிறார். பிரித்தானிய நெடுந்தொடர்களில் அவருடைய பணி வேறானது. ஒரு பகுதியை எழுதுபவரும் இயக்குபவரும் அடுத்தடுத்த பகுதிகளில் மாறிக்கொண்டே இருப்பார்கள். அனைத்துப் பகுதிகளையும் ஒரே கதையாக இணைத்து வைத்திருப்பவர் தயாரிப்பாளரே. பிற்காலத்தில் இப்பொறுப்பை நிர்வாகத் தயாரிப்பாளர் ஏற்றார். எந்தக் குடும்பம் சதுக்கத்திற்குக் குடிவர வேண்டும், எந்தக் கதைமாந்தர் இறக்க வேண்டும், எந்த நடிகரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பன போன்ற முடிவுகள் அவரிடமே உள்ளன.

கதைத் திட்டங்கள் பல மாதங்களுக்கு முன்னரும், படப்பிடிப்பு பல வாரங்களுக்கு முன்னரும் முடிந்துவிடுகின்றன. எனவே புதிய தயாரிப்பாளர் பொறுப்பேற்றதும் திரையில் மாற்றம் தெரிவதில்லை. அவருடைய முதல் மாதங்களில் ஒளிபரப்பாவது முன்னவர் விட்டுச்சென்ற கதைகளே. ஒரு கதைக்கான பாராட்டோ பழியோ யாரைச் சேரும் என்பதை ஆராயும்போது இந்த இடைவெளியைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

தொடக்க காலம் (1985–1989)

தொடரை உருவாக்கியவர்கள் தயாரிப்பாளர் ஜூலியா சிமித், கதைத் தொகுப்பாளர் டோனி ஹாலண்ட் ஆகியோர் ஆவர். ஹாலண்டின் குடும்பம் கிழக்கு இலண்டனைச் சேர்ந்தது. தொடரின் முதற் குடும்பங்களான பீல், ஃபவுலர் குடும்பங்களுக்கு அவருடைய உறவினர்களே முன்மாதிரியாக அமைந்தனர்.

வேலையின்மை, பதின்ம வயதுக் கருவுறுதல், இனவெறி, தற்பாலீர்ப்பு போன்றவற்றை மாலை நேரக் குடும்ப நாடகத்தில் பேசுவது என்பது சிமித்தின் கொள்கை. ஆர்தர் ஃபவுலர் வேலையிழந்து, அண்டை வீட்டார் கிறித்துமசுக்காகச் சேர்த்து வைத்த பணத்தைத் திருடி, மனநலம் குலையும் கதை 1986-இல் இடம்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் டென், ஆஞ்சி என்னும் கணவன் மனைவி மட்டுமே தோன்றும் ஒரு முழுப் பகுதி ஒளிபரப்பானது. 1986 கிறித்துமசு நாளில் டென் தன் மனைவியிடம் மணமுறிவு ஆவணத்தைக் கொடுக்கும் பகுதியை, மறு ஒளிபரப்பையும் சேர்த்து, 3 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். இது அன்றைய பிரித்தானிய மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டதாகும்.

தொடரின் தோற்றத்திற்கும் இக்காலத்திலேயே அடித்தளம் இடப்பட்டது. எர்ட்ஃபோர்டுசயர் மாவட்டத்திலுள்ள போர்காம்வுட்டில், பிபிசியின் எல்ஸ்ட்ரீ வளாகத்தில் சதுக்கம் திறந்தவெளி அரங்காகக் கட்டப்பட்டது. தேம்சு ஆறு வளைந்தோடும் இலண்டன் வரைபடம் தலைப்புக் காட்சியாயிற்று. சைமன் மே அமைத்த இசையும், பகுதியின் இறுதியில் ஒலிக்கும் முரசொலியும் தொடரின் அடையாளங்கள் ஆயின. அதே இசையின் மென்மையான பியானோ வடிவம் சில முக்கியப் பகுதிகளின் முடிவில் முரசொலிக்குப் பதிலாக ஒலிக்கிறது. அது சிமித்தின் நினைவாக 'ஜூலியாவின் இசை' என அழைக்கப்படுகிறது.

மிட்செல் சகோதரர்களின் வருகை (1989–1999)

1989-இல் சிமித்தும் ஹாலண்டும் விலகினர். தொடர் மிகவும் இருண்டதாக உள்ளது என்ற குறை அப்போது எழுந்திருந்தது. அடுத்து வந்த மைக் கிப்பன் நகைச்சுவைக்குக் கூடுதல் இடமளித்தார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் பெர்குசன், 'தி பில்' என்னும் காவல்துறை நாடகத்தில் பணியாற்றியவர். அவர் நகைச்சுவைக் கதைமாந்தர் பலரை நீக்கினார். சதுக்கத்திற்கு வெளியேயான படப்பிடிப்பை அதிகரித்தார். கதையின் வேகத்தைக் கூட்டினார். 1990 பெப்ரவரியில் ஃபில், கிராண்ட் என்னும் மிட்செல் சகோதரர்களை அறிமுகப்படுத்தினார். குடும்பத் துயரம் மேலோங்கியிருந்த தொடரில் குற்றமும் வன்முறையும் நிலையான இடம் பெற்றது இதன் பின்னரே. ஃபில் மிட்செல் பிற்காலத் தயாரிப்பாளர்கள் அனைவருக்கும் பயன்பட்ட மையக் கதைமாந்தராக நிலைத்தார்.

தயாரிப்பாளர் மாறினாலும் தொடர்ந்த கதைகளும் உண்டு. மார்க் ஃபவுலர் எச்.ஐ.வி தொற்றுக்கு ஆளான செய்தி 1991-இல் கதையில் வெளிப்பட்டது. அக்கதைமாந்தர் 2003 வரை தொடரில் இருந்தார். தொற்று உள்ள ஒருவர் பணிபுரிவதையும், மணம் செய்வதையும், மருத்துவம் பெறுவதையும் பார்வையாளர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் கண்டனர். ஒரே ஒரு தயாரிப்பாளரின் காலத்திற்குள் இதனைச் செய்து முடித்திருக்க இயலாது.

1993-இல் தலைப்பு இசை ஜாஸ் சாயலில் மாற்றப்பட்டது. பார்வையாளர்கள் இதனை ஏற்கவில்லை. 1994-இல் பழைய வடிவத்தை ஒத்த இசை மீண்டும் வந்தது. அதே ஆண்டு வாரத்திற்கு இரண்டாக இருந்த பகுதிகள் மூன்றாயின. இதனால் கூடுதல் கதைகளும் கூடுதல் கதைமாந்தரும் தேவைப்பட்டன. 1998-இல் பொறுப்பேற்ற மத்தியூ ராபின்சன் பல கதைமாந்தரை ஒரே காலத்தில் நீக்கியதால், செய்தித்தாள்கள் அவரைக் 'கோடரிக்காரர்' என்று அழைத்தன. 1999 முதல் தொடர் அகலத்திரையில் ஒளிபரப்பானது.

ஏற்றமும் சரிவும் (2000–2006)

2000-ஆம் ஆண்டில் வந்த ஜான் யோர்க், பெண்கள் மிகுந்த சிலேட்டர் குடும்பத்தை அறிமுகப்படுத்தினார். ஃபில் மிட்செல்லைச் சுட்டவர் யார் என்னும் மர்மம் 2001 மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. விடை வெளியான பகுதியை 2 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். அன்று மாலை நடைபெறவிருந்த ஐரோப்பியக் கால்பந்து ஆட்டம் ஒன்றின் தொடக்க நேரம் இப்பகுதிக்காகத் தள்ளிவைக்கப்பட்டது. 2001 ஆகத்தில் வாரத்திற்கு நான்கு பகுதிகள் ஒளிபரப்பாகத் தொடங்கின.

2002-இல் லூயிஸ் பெரிட்ஜ் பொறுப்பேற்றார். 2003-இல் கோவாப் பின்னணி கொண்ட ஃபெரைரா குடும்பம் குடிவந்தது. தெற்காசியக் குடும்பம் ஒன்றை மையத்திற்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம். எனினும் அக்குடும்பத்தின் பெயர்களும் பழக்கங்களும் நம்பத்தக்கனவாக இல்லை என்று கண்டனம் எழுந்தது. தந்தையாக நடித்த இந்திய நடிகர் தலிப் தாகில், பணி அனுமதிச் சிக்கலால் அதே ஆண்டு விலக நேர்ந்தது. 2005-க்குள் குடும்பமே தொடரிலிருந்து மறைந்தது.

2003 செப்டம்பரில் டென் உயிருடன் திரும்பினார். அவர் 1989-இல் கால்வாய்க் கரையில் சுடப்பட்டவர். அடுத்த ஆண்டு அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டதாகவும் கதையில் கூறப்பட்டிருந்தது. முந்தைய தயாரிப்பாளர்கள் முடித்து வைத்ததைப் பின்வந்தவர் திறந்ததற்கு இது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பெரிட்ஜ் 2004-இல் விலகினார். அவருக்குப் பின் வந்த கேத்லீன் ஹட்சிசன் சில மாதங்களே பதவியில் இருந்தார். 2005 பெப்ரவரியில், தொடரின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, டென் இரண்டாம் முறையாகக் கொல்லப்பட்டார். பின்னர் கேட் ஹார்வுட் பொறுப்பேற்றார்.

சான்டர், கிர்க்வுட் காலங்கள் (2006–2013)

2006-இல் வந்த டீடெரிக் சான்டர் வடிவச் சோதனைகளில் ஆர்வம் காட்டினார். 2008 சனவரியில் டாட் என்னும் முதிய பெண்ணாக நடித்த ஜூன் பிரவுன் மட்டுமே பேசும் முழுப் பகுதி ஒளிபரப்பானது. இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவான 2010 பெப்ரவரி 19 அன்று ஒரு பகுதி நேரலையாக நடிக்கப்பட்டது. ஆர்ச்சி மிட்செல்லைக் கொன்றவர் யார் என்பது அதில் வெளியானது. கொலையாளியாக நடித்தவருக்கே அவ்விடை ஒளிபரப்புக்குச் சற்று முன்னர்தான் தெரிவிக்கப்பட்டது.

ஃபெரைரா குடும்பத்தின் தோல்விக்குப் பின் தெற்காசியக் குடும்பம் பற்றிய இரண்டாம் முயற்சியும் சான்டர் காலத்திலேயே நிகழ்ந்தது. 2007-இல் பாக்கித்தான் பின்னணி கொண்ட மசூத் குடும்பம் வந்தது. மூத்த மகன் சையத், ஓர் இசுலாமியராகவும் தற்பாலீர்ப்பாளராகவும் தன்னுள் போராடும் கதை 2009-இல் தொடங்கியது. இது கண்டனத்தையும் பாராட்டையும் ஒருங்கே பெற்றது. மசூத் குடும்பம் பல தயாரிப்பாளர்களின் காலம் வரை நிலைத்தது.

2010-இல் பிரையன் கிர்க்வுட் பொறுப்பேற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் சதுக்கத்தின் மதுவிடுதியான குயின் விக் தீக்கிரையாகும் கதை ஒளிபரப்பாயிற்று. டிசம்பரில் தொடர் உயர் வரையறுத் தொலைக்காட்சிக்கு மாறியது.

2010 டிசம்பர் 31 அன்று தொடங்கிய கதையில், தொட்டிலில் திடீரெனத் தன் குழந்தையை இழந்த தாய், அண்டை வீட்டாரின் குழந்தையுடன் அதனை மாற்றிவிடுகிறார். ஆயிரக்கணக்கான முறையீடுகள் பிபிசிக்கு வந்தன. உண்மையில் அவ்வாறு குழந்தையை இழந்த பெற்றோரைக் குற்றவாளிகளாகக் காட்டுவதாக இது அமைகிறது என்பதே முதன்மையான மறுப்பு. கதை திட்டமிட்டதற்கு முன்னரே, 2011 ஏப்ரலில், முடிக்கப்பட்டது. ஒரு தயாரிப்பாளரின் முடிவைப் பார்வையாளர்கள் மாற்றிய அரிய நிகழ்வு இது. 2012-இல் லொரைன் நியூமன் பொறுப்பேற்றார்.

2013-க்குப் பின்

அடுத்து வந்த டொமினிக் டிரெட்வெல்-காலின்ஸ், மாறிவரும் கிழக்கு இலண்டனின் சாயல் சதுக்கத்திலும் தெரிய வேண்டும் எனக் கருதினார். 2013 டிசம்பரில் குயின் விக் விடுதிக்குக் கார்ட்டர் குடும்பம் வந்தது. 2014 ஏப்ரலில் லூசி பீல் கொல்லப்பட்டார். கொலையாளி அவருடைய சிறு வயதுத் தம்பி பாபி என்பது, நேரலைக் காட்சிகள் இடம்பெற்ற 2015 பெப்ரவரி வாரத்தில் வெளியானது.

2016-இல் வந்த சான் ஓ'கானர் ஓராண்டளவே நீடித்தார். 2017 புத்தாண்டு நாளில் ரானி, ராக்சி என்னும் மிட்செல் சகோதரிகள் இருவரும் நீரில் மூழ்கி இறந்த பகுதி பெரும் விவாதத்திற்கு உள்ளானது. அவ்வாண்டு ஜான் யோர்க் தற்காலிகமாகத் திரும்பினார். 2018 கோடையில் கத்திக்குத்தில் இறந்த இளைஞன் ஒருவனின் இறுதிச் சடங்குப் பகுதியில், அவ்வாறே உறவினரை இழந்த உண்மையான குடும்பத்தினர் தோன்றிப் பேசினர்.

பின்னர் கேட் ஓட்ஸ், ஜான் சென் ஆகியோர் தொடரை நடத்தினர். கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றது. சூன் நடுப்பகுதியில் கையிருப்பிலிருந்த பகுதிகள் தீர்ந்தன. செப்டம்பர் 7 அன்று தொடர் மீண்டும் வந்தபோது ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 20 நிமிடங்களாகச் சுருங்கியிருந்தது. நடிகர்கள் விலகி நிற்பது தெரியாதவாறு படப்பிடிப்புக் கோணங்கள் அமைக்கப்பட்டன. இங்கு தோற்றத்தை மாற்றியது தயாரிப்பாளரின் விருப்பம் அன்று; நோய்த்தொற்று விதிகளே.

சில ஆண்டுகளுக்கு மட்டும் எனக் கட்டப்பட்ட 1984-ஆம் ஆண்டு அரங்கு சிதைந்து வந்ததால், செங்கல்லாலான புதிய அரங்கு கட்டப்பட்டு 2022-இல் திரையில் தோன்றியது. இதன் செலவு 8 கோடி பவுண்டுகளைத் தாண்டும் எனத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018-இல் கணித்திருந்தது. 2022 முதல் 2025 வரை பொறுப்பிலிருந்த கிரிஸ் கிளென்ஷா, 2023 பெப்ரவரியில் அவ்வாண்டுக் கிறித்துமசு நாளின் காட்சி ஒன்றை முன்கூட்டியே காட்டினார். ஆறு பெண்கள் ஒரு பிணத்தைச் சுற்றி நிற்கும் அக்காட்சிக்கான விடைக்காகப் பார்வையாளர்கள் பத்து மாதங்கள் காத்திருந்தனர். 2025-இல் பென் வேடி அவருக்குப் பின் பொறுப்பேற்றார்.

மாற்றங்களின் பொதுத் தன்மை

இவ்வரலாற்றில் சில பொதுக் கூறுகளைக் காணலாம். புதிய தயாரிப்பாளர் பெரும்பாலும் முன்னவரின் கதைமாந்தர் சிலரை நீக்கி, புதிய குடும்பம் ஒன்றைக் கொண்டுவருகிறார். மிட்செல், சிலேட்டர், மசூத், கார்ட்டர் குடும்பங்கள் இவ்வாறு வந்து, தம்மை உருவாக்கியவர் விலகிய பின்னரும் நிலைத்தவை. பழைய குடும்பங்களுடன் உறவாலும் பகையாலும் பிணைக்கப்பட்டவையே இவ்வாறு நிலைபெற்றன. தனித்து நின்ற ஃபெரைரா குடும்பம் மறைந்தது.

குயின் விக் விடுதியும், ஆற்று வரைபடமும், முரசொலியும் பெரிதும் மாறாமல் காக்கப்பட்டுள்ளன. தயாரிப்பாளரின் பதவி சில ஆண்டுகளே நீடிப்பது; பார்வையாளரின் நினைவோ பல பத்தாண்டுகள் நீள்வது. 1990-இல் அறிமுகமான கதைமாந்தரின் முகத்தை அவர்கள் இன்றும் அறிவர். அந்நினைவுக்கு முரணான மாற்றங்கள் எதிர்ப்பைச் சந்தித்தமையும், அதனைப் பயன்படுத்திக்கொண்ட மாற்றங்கள் வேரூன்றியமையும் இத்தொடரின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.