ஊசிமுனையும் உரைகல்லும்

பொருளின் மெய்ம்மையை அறிதற்கு நம் முன்னோர் அளவைகள் வகுத்தனர். சிவஞான சித்தியார் சுபக்கம் அளவையிலக்கணம் கூறிய பின்னரே பொருளுக்குட் புகுகின்றது. அளவைகள் பலவாக எண்ணப்படினும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அவையெல்லாம் அடங்கும் என்பது அந்நூலின் துணிபு. பொறிகளால் நேரே அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் மொழியைக் கொள்வது உரை. மலையிற் புகை கண்டு தீயுண்மை துணியும் பழைய எடுத்துக்காட்டைச் சொல்லி இம்மூன்றையும் மாணவர்க்கு நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றேன். அவற்றை என் மேனியின்மீதே வைத்துப் பார்க்கும் நிலையைத் தோல்நோய் ஒன்று எனக்கு உண்டாக்கியது.

இருபது ஆண்டுகளாக என் முழங்கைகளிலும் முழந்தாள்களிலும் செந்நிறப் படைகள் இருந்து வருகின்றன. அவற்றின்மேல் வெள்ளிய செதில்கள் உதிரும். இரவில் அரிப்பு உறக்கத்தைக் கெடுக்கும். சித்த வைத்தியர் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். ஆங்கில வைத்தியர் சொரியாசிஸ் என்பர். உடலைக் காக்கவேண்டிய தற்காப்பு ஆற்றல் நெறி பிறழ்ந்து தோலின் உயிரணுக்களை விரைவுபடுத்துவதே இதன் இயல்பு. ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதிர்ந்து மேலே வரவேண்டிய அணுக்கள் சில நாள்களிலேயே மேலேறிச் செதிலாய்க் குவிகின்றன. தணியும், மீளும்; முற்றாக நீங்குவது அரிது. ஆயினும், ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு இது தொற்றுவதில்லை.

தொற்றாத நோய் என்பதை ஊரார்க்கு உணர்த்துவதுதான் கடினம். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இந்நோயைத் தொழுநோயோடு மயங்கினர். 1841 இல் வியன்னா நகர வைத்தியர் ஹெப்ரா இரண்டையும் தெளிவாக வேறு பிரித்தார். கீழ்மாகாணத்தவராகிய நமக்கோ, மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோயாளர் ஒதுக்கிவைக்கப்பட்ட வரலாறு நினைவில் உண்டு. அந்த அச்சம் தோலில் வெண்செதில் கண்ட மாத்திரத்தே விழித்துக்கொள்கின்றது. வாணி விழாவன்று நான் நீட்டிய திருநீற்றுத் தட்டைக் கண்டு ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பின்னுக்கு இழுத்ததை நான் கண்டதுண்டு. அவர்மீது எனக்குச் சினமில்லை. எனினும் இந்நோயாளர்க்குத் தோலிலும் மேலாய் நோவது எது என்பதை வாசகர் அறிந்துகொள்வர்.

வெட்பாலைத் தைலம் பூசினேன், பத்தியம் காத்தேன், அரசினர் மருத்துவமனைக் களிம்பும் பூசி வருகின்றேன். இந்நிலையில் நண்பர் சிலர் சீனத்து ஊசிமுறையை எடுத்துரைத்தனர். அக்குபங்சர் என்றும் குத்தூசி வைத்தியம் என்றும் இதனை வழங்குவர். அதனை நாடுமுன் அதுபற்றிய உரை யாது என வினவுவது முறையன்றோ?

சீனரின் மூலநூல் 'மஞ்சட் பேரரசரின் அகநூல்' எனப் பொருள்படும் பெயருடையது. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துத் தொகுதி அது. அரசன் வினவ அவைக்களத்து வைத்தியன் விடையிறுப்பதாக அமைந்தது; வினாவும் விடையுமாய்ப் பொருள் விளக்கும் நெறி நமக்கும் புதிதன்று. 'சி' என்னும் உயிராற்றல் பன்னிரண்டு முதன்மைத் தடங்களின் வழியே உடலில் ஓடுகின்றது, அவ்வோட்டம் தடைப்படின் நோய் தோன்றும், தடங்களின்மேலுள்ள நிலைகளில் ஊசி ஊன்றித் தடை நீக்கலாம் என்பது அவர்தம் கோட்பாடு. இன்று அந்நிலைகள் 361 எனக் கணக்கிடப்படுகின்றன. அவற்றின் பெயர்கள் தமிழாசிரியனாகிய எனக்குப் பெருவிருந்தாயின. முழங்கை மடிப்பின் புற நுனியிலுள்ள நிலைக்கு 'வளைவிலுள்ள குளம்' என்று பெயர். முழந்தாளுக்கு மேல் தொடையின் உட்புறத்து நிலை 'குருதிக் கடல்'. முழந்தாளுக்குக் கீழுள்ளது 'காலின் மூன்று லி'. லி என்பது சீனரின் வழித்தொலைவு அளவை. தோல்நோய்க்கு விதிக்கப்படும் நிலைகளுள் இம்மூன்றும் உள்ளன.

இம்முறையை ஐரோப்பியர்க்கு விரித்துரைத்த முதல்வருள் ஒருவர் வில்லெம் டென் ரைன் என்னும் ஒல்லாந்த வைத்தியர். திருகோணமலைக் கோட்டையைக் கைக்கொண்டிருந்த அதே ஒல்லாந்தக் கம்பனியின் ஊழியர் அவர். யப்பானிற் கண்ட ஊசிமுறையை 1683 இல் இலத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து ஆசியத் தொழுநோய்பற்றியும் அவர் ஒரு நூல் எழுதினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. நம் நாட்டில் இம்முறையைப் பரப்பியவருள் முதன்மையானவர் டாக்டர் அன்ரன் ஜயசூரிய. கொழும்பு தெற்கு மருத்துவமனையில், களுபோவிலையில், அவர் நடத்திய சிகிச்சைப் பிரிவுக்குப் பிற நாட்டு வைத்தியரும் பயில வந்தனர். அவர் 2005 இல் காலமானார்.

நண்பர்களுள் ஒருவர் மேலும் ஒரு படி சென்றார். "இது சீனருடையது அன்று, நம் வர்மத்திலிருந்து அவர்கள் கற்றது, போகர் கொண்டுபோய்க் கொடுத்தது" என்று வாதித்தார். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என நம் மரபு எண்ணும் வர்ம நிலைகள் உண்மையே. போகர்க்கும் சீனத்துக்கும் தொடர்பு கூறும் மரபும் நெடியது. ஆயினும் ஈரிடத்தும் ஒத்த கருத்து இருத்தல் ஒன்றுமட்டும், ஒருவர் மற்றவர்க்குக் கற்பித்தார் என்பதற்குச் சான்றாகாது. அன்றியும், ஒரு மருந்து எவருடையது என்பது ஒரு வினா. அது நோயைத் தீர்க்குமா என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கண்டு பின்னதற்கும் விடை கண்டதாக மகிழ்வது நம்மவரிடையே மிகுந்த வழக்கம். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராயச் சொன்னாரேயன்றி, மருந்தின் குலத்தை ஆராயச் சொன்னாரல்லர்.

உரை இவ்வளவில் நிற்க, காட்சிக்கு வருவோம்.

நான் வாழும் இலங்கைத்துறை முகத்துவாரம், திருகோணமலை மாவட்டத்தின் தென்பால், வாவிநீர் கடலொடு கலக்குமிடத்தில் உள்ளது. வெயில் மிக்க வைகாசி முதல் ஆவணி வரை என் படைகள் தாமே மெலியும்; வாடைக்காற்றோடு மாரி தொடங்கியதும் தடிக்கும். சூரிய ஒளி இந்நோயைத் தணிக்கும் என்பது வைத்தியர் அறிந்ததே. சித்திரையில் ஊசி குத்தத் தொடங்கினால் வெயிலின் புகழை ஊசி பெற்றுவிடும். ஆதலால் பாடசாலை விடுமுறை வரும் மார்கழியைத் தேர்ந்தேன். பூசிவந்த களிம்பைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை; ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் எது பயன் தந்தது எனத் தெரியாது போகும். தொடங்குதற்கு இரு வாரம் முன்பிருந்தே ஒவ்வோர் இரவும் அரிப்பின் கடுமைக்கு பூச்சியம் முதல் பத்துவரை ஓர் எண் இட்டு வந்தேன். வாரம் ஒருமுறை மெல்லிய தாளைப் படையின்மேல் வைத்து அதன் எல்லையைப் பென்சிலால் வரைந்து வைத்தேன்.

நகரிலுள்ள வைத்தியர் முதியவர்; சொற்சுருக்கம் உடையவர். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "பண்டிதர் ஐயா, படையின்மேல் நான் ஊசி வைக்க மாட்டேன். காயம் பட்ட இடத்திலேயே புதிதாய்ப் படை எழும் நோய் இது" என்றார். அச்சொல்லே அவர்பால் நம்பிக்கையை விளைத்தது. தோலிற் காயம் பட்டவிடத்து இந்நோய் புதிதாகத் தோன்றுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய வைத்தியர் கோப்னர் கண்டு எழுதியுள்ளார். ஊசிகள் மயிரிழையினும் சற்றே பருமனானவை, உறையிலிட்டு வருபவை, ஒருமுறைக்குமேல் பயன்படுத்தப்படாதவை. ஊன்றியபோது வலி சிறிது. பின்னர் அவ்விடத்தில் ஒரு பாரமும் மந்தமான உளைவும் உண்டாயின. அதனையே 'சி வந்து சேர்ந்தது' என்பர் சீனர். வாரம் இருமுறையாக ஆறு வாரம், பன்னிரண்டு அமர்வுகள்.

கண்டது இது. தொடங்குமுன் ஆறும் ஏழுமாக இருந்த அரிப்பெண், நான்காம் வாரத்தில் மூன்றும் நான்குமாகக் குறைந்தது. இடையறாத உறக்கம் சில இரவுகளில் வாய்த்தது. தாளில் வரைந்த எல்லைகளோ அசையவில்லை. ஒரு முழங்கையில் ஓரம் சற்றுச் சுருங்கியது. மற்றை மூன்று படைகளும் முன்னிருந்தவாறே இருந்தன. சிகிச்சை முடிந்து ஐந்து வாரத்தில் அரிப்பெண் மீண்டும் ஐந்தைத் தாண்டியது.

அரிப்புத் தணிந்தது காட்சி. அதைத் தணித்தது ஊசிதான் என்பது காட்சியன்று, அது கருதல். கருதலுக்கு ஏதுப் பிழையற்றதாயிருத்தல் வேண்டும். அவ்வாறு வாரமும் பள்ளியில்லை. அமர்வுதோறும் அரைமணி நேரம் கண்மூடிக் கிடந்தேன். என் நோயை அருவருப்பின்றித் தொட்டுப் பார்த்த ஒரு மனிதர் அருகே இருந்தார். இவற்றுள் எது புகை, எது தீ? ஒருவன் உடலை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வினாவிற்கு விடை காண இயலாது. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடுகள் பலவற்றைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியன்றோ பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்? ஒரே ஏட்டைக் கொண்டு பாடந் துணியாத நாம், ஒரே மேனியைக் கொண்டு மருந்தைத் துணியலாமா?

பல மேனிகளை ஒப்புநோக்கிய ஆய்வுகள் உள்ளன. 1997 இல் சுவீடன் நாட்டு வைத்தியர் காளாஞ்சகப்படை உடையார் 56 பேரைத் திருவுளச்சீட்டுப்போல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு முறைப்படி ஊசி; மற்றவர்க்குப் பெயரளவில் ஊசி; வாரம் இருமுறை, பத்து வாரம். நோயின் கடுமையைக் காட்டும் எண் முறைப்படி குத்தப்பட்டவரிடம் 9.6 இலிருந்து 8.3 ஆகவும், பெயரளவிற் குத்தப்பட்டவரிடம் 9.2 இலிருந்து 6.9 ஆகவும் குறைந்தது. இரு பிரிவுக்குமிடையே பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை என்பதே முடிவு. எதிர்பார்ப்பாலும் பரிவாலும் விளையும் தணிவுக்கு மேலாக ஊசியின் நிலைகள் தோற்படையை மாற்றியதாக இவ்வாய்வு காட்டவில்லை.

பெயரளவில் ஊசி குத்துவது எவ்வாறு என வாசகர் ஐயுறலாம். சிலர் உரிய நிலையை விட்டு வேறிடத்தில் மேலோட்டமாகக் குத்துவர். ஹைடல்பேர்க் நகர ஆய்வாளர் 1998 இல் வேறொரு சூழ்ச்சியை வெளியிட்டனர். முனை மழுங்கிய ஊசி. தோலைத் தொட்டதும் தண்டு பிடிக்குள் வழுக்கிச் சென்றுவிடும். கூத்து மேடையில் மார்பில் இறங்குவதுபோற் காட்டிப் பிடிக்குள் மறையும் குத்துவாளை ஒத்தது அது. உண்மை ஊசி எது, பொய்யூசி எது என்பதை நோயாளி எளிதில் அறியாமற் செய்தற்கே இவ்வேற்பாடு.

அரிப்பைப் பற்றிய செய்தி சற்று வேறானது. 2010 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தார், கரப்பான் வகைத் தோலழற்சி உடைய 30 பேரிடம் அரிப்பைத் தூண்டிச் சோதித்தனர். உரிய நிலைகளில் ஊசி ஏற்றபோது, பிற இடங்களில் ஏற்றபோதும் ஏலாதபோதும் இருந்ததைவிட அரிப்புக் குறைந்தது. அவர்கள் கொண்ட நிலைகள் 'வளைவிலுள்ள குளமும்' 'குருதிக் கடலும்'. என் குறிப்பேட்டிலும் அரிப்புத் தணிந்து படை தணியாமை கண்டோமல்லவா? ஆயினும் கரப்பான் வேறு, காளாஞ்சகம் வேறு. ஒன்றன் முடிவை மற்றொன்றின்மேல் ஏற்றிச் சொல்லுதல் கூடாது. முப்பது பேர் என்பதும் சிறு தொகையே.

இவ்வளவும் எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. என் பழைய மாணவன் ஒருவன், கடற்றொழில் செய்பவன், இதே நோயுடையவன். "சேர், வள்ளத்து இயந்திரத்தை அடகு வைத்தாவது ஊசிக்குப் போகட்டுமா? களிம்பை விட்டுவிடலாம் என்கிறார்கள்" என்று கேட்டான். ஓர் அமர்வுக்கு அவன் ஒரு நாள் தொழிலை இழக்கவேண்டும். நான் அவனிடம் சொன்னவை மூன்று: களிம்பை விடாதே, படைகளோடு மூட்டுகளும் வீங்கி நோமாயின் தாமதியாது மருத்துவமனைக்குப் போ, இந்நோய் மூட்டையும் பற்றுவதுண்டு, அடகு வைக்காதே. கையிற் பணமும் நேரமும் உள்ள ஒருவர், அரிப்புத் தணியலாம் என்ற அளவான எதிர்பார்ப்போடு, தூய ஊசியும் பொறுப்புணர்ச்சியும் உடைய வைத்தியரிடம் போவதை நான் தடுக்க மாட்டேன். படை மறையும் என்று வாக்களிப்பவரிடம் மட்டும் எவரும் போகற்க.

திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. அங்குப் பயிலும் இளைஞர் வர்மத்தையும் வெட்பாலையையும் இவ்வாறே பலர் மேனியில், பிரிவு பிரித்து, அளந்து, எழுதிவைத்துச் சோதித்தல் வேண்டும். உரைகல்லில் உரைப்பதனாற் பொன்னுக்கு இழிவில்லை. பழைய நூலை மதிப்பவர் அதனை வினவ அஞ்சமாட்டார். அவ்வினவலுக்கு நிற்கும் மருந்து ஒன்றாவது கிடைக்குமாயின், அடுத்த வாணி விழாக்களில் எந்தப் பிள்ளையின் கையும் பின்னுக்கு இழுக்கப்படாதிருக்க அது துணைசெய்யும்.