பஞ்சு இறக்குமதித் தீர்வை விலக்கும் அதன் தவணையும்

பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் ஆடிப்பட்டத்தில் பருத்தி விதைக்கும் குடியானவர், மார்கழியில் காய் வெடிக்கும்போது அயல்நாட்டுப் பஞ்சின்மீது தீர்வை இருக்குமா இராதா என்பதை விதைக்கும் நாளில் அறிய வழியில்லை. 2025-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

இந்திய சர்க்கார் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் இறக்குமதிப் பஞ்சின்மீது நூற்றுக்குப் பதினொன்று வீதம் தீர்வை விதித்தனர். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, பொதுநலன் கருதி எந்தத் தீர்வையையும் ஓர் அறிவிக்கையினாலேயே விலக்க சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. அவ்வாறே 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 முதல் செப்டம்பர் 30 வரை விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு மாதம் நீட்டிக்கப்பட்டு, அக்டோபர் 31-இல் முடிந்தது.

மறுமுறை, 2025 ஆகஸ்டு 19 முதல் செப்டம்பர் 30 வரை என்று அறிவித்தனர். பஞ்சு ஆண்டு அக்டோபர் முதல் தேதியில் தொடங்குவதால், புதுப்பருத்தி சந்தைக்கு வருமுன் விலக்கு தீர்ந்துவிடும் என்று பலர் ஆறுதல் கொண்டனர். அந்த ஆறுதல் பத்து நாளும் நீடிக்கவில்லை. ஐக்கிய அமெரிக்க நாடு நமது சரக்குகளுக்கு விதித்த ஐம்பது விழுக்காட்டுத் தீர்வை 27-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மறுநாளே விலக்கின் தவணை டிசம்பர் 31-க்கு ஒத்திவைக்கப்பட்டது. பாராளுமன்றக் கூட்டத்தொடரோ 21-ஆம் தேதியே முடிந்திருந்தது. விதையோ ஏற்கெனவே மண்ணில் இருந்தது.

இதனால் நேரக்கூடிய நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். துறைமுகத்தில் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சின் அடக்கம் 55,000 ரூபாய் என்று கணக்குக்காகக் கொண்டால், தீர்வை 6,050 ரூபாயாகும். பருத்தியில் மூன்றிலொரு பங்கே பஞ்சாகத் தேறுமாதலால், ஒரு கண்டிக்கு ஏறத்தாழ 10¾ குவிண்டால் பருத்தி வேண்டும். ஆகவே தீர்வை நீங்கின், ஆலைக்காரர் நமது பருத்திக்குக் கொடுக்க இசையும் விலையில் குவிண்டாலுக்குச் சுமார் 565 ரூபாய்வரை குறையக்கூடும். 2025-26-ஆம் பருவத்திற்கு ஆதார விலையில் சர்க்கார் உயர்த்திய தொகை குவிண்டாலுக்கு 589 ரூபாய் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க. குறைவு முழுவதும் குடியானவர் தலையிலேயே விழும் என்பதற்கில்லை. ஆதார விலைக் கொள்முதல் நடைபெறும் இடங்களில் அது ஓரளவு தடுக்கப்படும்.

ஆலைகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. திருப்பூர் ஆடைகளுக்கு அமெரிக்காவில் கிராக்கி குன்றினால், நூலுக்கும் அதன் வழியே பருத்திக்கும் கிராக்கி குன்றும்.

தற்காலிகச் சலுகை என்பது எப்போதும் நிலைத்துவிடும் என்று கூறுவோர் அமெரிக்க நாட்டையே எடுத்துக்காட்டுவர். அங்கு 2001-இல் தவணையிட்டுக் குறைக்கப்பட்ட வருமான வரி, 2010-இல் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டு, 2013 ஜனவரியில் பெரும்பாலும் நிரந்தரமாயிற்று. 2017-இல் குறைத்ததும் 2025 ஜூலையில் அவ்வாறே ஆயிற்று. ஆயினும் அவ்வுவமை இங்குப் பொருந்தாது என்பது நமது கருத்து. அங்குச் சலுகை முடிந்தால் வரி கட்டும் குடும்பங்களிற் பெரும்பாலானவை ஒருங்கே பாதிக்கப்படும். எந்தச் சட்டசபையும் அதற்குத் துணியாது. இங்கோ, ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டம். ஆலைகளுக்குக் கோயம்புத்தூரில் வலிய சங்கம் உண்டு. பருத்தி விளைப்போர் தொகையில் மிகுந்தும் குரலில் குறைந்தவர். இம்முறை நீட்டிப்பின்றி 2026 ஜனவரி முதல் தேதி தீர்வை மீண்டது. எனினும் தை மாத விலையை நம்பிப் பருத்தியைக் கட்டிவைக்க இயலாத சிறு குடியானவர் பலர் அதற்குள் விற்றிருப்பர்.

ஆதலின் தவணைத் தேதியை நம்பிக் கடன் பெறுதல் தகாது. ஆதார விலையைக் கணக்கின் அடியாகக் கொள்ளல் நன்று: அப்பருவத்தில் நடுத்தர இழைக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். இந்தியப் பருத்திக் கழகத்தாருக்கு விற்க, நிலப் பதிவும் பருத்தி பயிரான பரப்பின் சான்றும் வேண்டும். கிராம அதிகாரிகள் அடங்கலில் பருத்தியைக் காலத்தில் பதிந்து வைத்தாலன்றி இவை கிடையா. ஈரம் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் விலையில் பிடித்தம். பன்னிரண்டைத் தாண்டினால் சரக்கையே ஏற்கமாட்டார்கள். பனி உலர்ந்தபின் பறித்து, நிழலில் உலர்த்தி, கறைபட்ட சுளைகளைத் தனியே பிரித்துக் கொண்டுபோகவேண்டும். இவற்றில் ஐயமுடையோர் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தாரை நேரில் கேட்டறியலாம்.