நாய் வளர்க்கும் வீடுகளில் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கும் முறை

களத்து மேட்டில் நெல்லைக் காப்பதற்கும், ஆட்டுப் பட்டிக்கும் வீட்டு வாயிலுக்கும் காவலாயிருப்பதற்கும் நாய் வளர்த்தல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஆயினும், நாயை அண்டி வாழும் தெள்ளுப்பூச்சி ஒரு வீட்டில் குடிபுகுந்துவிட்டால், வீட்டாருக்கு இரவில் உறக்கமும் பகலில் அமைதியும் இல்லாமற் போகின்றன. சென்னையின் வடபகுதியில் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய கடலோரப் பகுதிகளில் இத்தொல்லை மிகுந்து காணப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. கடற்காற்றின் ஈரம், மணற்பாங்கான தரை, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தெருவில் திரியும் நாய்களின் தொகை ஆகிய நான்கும் இப்பூச்சிக்கு அநுகூலமானவை. இவற்றையொத்த நிலையிலுள்ள மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் குடித்தனக்காரர்களும் இங்குக் கூறப்படும் முறைகளைக் கைக்கொள்ளலாம்.

பூச்சியை அடையாளம் அறிதல்

தெள்ளையும் உண்ணியையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். உண்ணி எட்டுக் கால்களுடையது. தோலைப் பற்றிக்கொண்டு அசையாதிருப்பது. தெள்ளோ ஆறு கால்களுடையது, பக்கவாட்டில் தட்டையான உடலும் செம்பழுப்பு நிறமும் வாய்ந்தது, சிறகற்றது, தொட்டவுடன் துள்ளி மறைவது. பூச்சி கண்ணிற்படாவிடினும் அதன் எச்சம் காட்டிக்கொடுக்கும். நாயின் முதுகிலும் வாலடியிலும் நெருங்கிய பற்களுள்ள சீப்பினால் வாரி, விழும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைக் காகிதத்தின்மீது இடுக. துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால், அது தெள்ளு உறிஞ்சிக் கழித்த இரத்தமே என்று அறியலாம். அவ்வாறு பரவாதது வெறும் மண்ணாகும்.

வாழ்க்கை வரலாறு

நாயின் உடலிற் காணப்படும் தெள்ளை மட்டும் கொன்றுவிட்டால் போதும் என்று எண்ணுவதே தோல்விக்கு முதற் காரணமாகும். நாய்த்தெள்ளு என்று வழங்கப்படுவதிற் பெரும்பாலானது உண்மையில் பூனைத்தெள்ளு என்னும் இனமேயாகும். அது நாய், பூனை, ஆடு ஆகியவற்றையும் மனிதரையும் கடிக்கும். பெண் தெள்ளு முதல் இரத்தம் குடித்த இரண்டு நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 முட்டைகள் வரை இடும். ஒரு நாயின்மேல் 10 பெண் தெள்ளுகள் இருப்பின், ஒரு வாரத்தில் 2,800 முட்டைகள் ஆகின்றன. முட்டைகள் வழுவழுப்பானவையாகையால் மயிரில் ஒட்டி நில்லாமல், நாய் படுக்குமிடமெங்கும் உதிர்கின்றன.

முட்டையிலிருந்து வெளிப்படும் புழு வெளிச்சத்தை அஞ்சித் தரை வெடிப்பிலும், கோணிப்பையின் அடியிலும், பாய் மடிப்பிலும், மணலிலும் பதுங்கும். தாய்ப்பூச்சியின் எச்சமாகிய உலர்ந்த இரத்தமே அதற்கு முக்கிய உணவு. ஈரம் குன்றிய இடத்திலும், கடும் வெயில் படும் இடத்திலும் அப்புழு மடிந்துவிடும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் செழிக்கும். பின்னர் அது தன்னைச் சுற்றி நூற்கூடு கட்டி, மணலும் தூசியும் ஒட்டிய அக்கூட்டினுள் கூட்டுப்புழுவாகி முதிர்கின்றது. இக்கூட்டினுள் பெரும்பாலான மருந்துகள் செல்வதில்லை. வெதுவெதுப்பான பருவத்தில் முட்டை முதல் பூச்சி வரை மூன்று அல்லது நான்கு வாரங்களில் முடிவடையும்.

எனவே நாயின்மேற் காணப்படும் பூச்சிகள் முழுத்தொகையில் மிகச் சிறு பங்கே. எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டிலேயே உள்ளன.

நாயைத் துரத்துவதனால் விளையும் தீங்கு

கூட்டினுள் முதிர்ந்த பூச்சி உடனே வெளிவருவதில்லை. உணவு கிட்டும் அறிகுறி தோன்றும்வரை பல வாரங்கள், சில வேளை நான்கு மாதங்களுக்கு மேலும், உள்ளே காத்திருக்க வல்லது. காலடியின் அதிர்வு, உடலின் வெப்பம், விடும் மூச்சு ஆகியவையே அந்த அறிகுறிகள். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிச் சென்றோர் திரும்பிவந்து கதவைத் திறந்ததும் கணுக்கால்களில் பூச்சிகள் மொய்ப்பது இதனாலேயே.

தொல்லை பொறாது நாயைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவருவோர் உண்டு. அவர்கள் தம் துன்பத்தைத் தாமே பெருக்கிக்கொள்கின்றனர். நாய் இருந்தவரையில் அதன் உடலை நாடிய பூச்சிகள், அது அகன்றபின் திண்ணையில் உறங்கும் முதியோரையும் தரையில் தவழும் குழந்தையையும் நாடுகின்றன. மேலும், வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாக்கிக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். இதனைக் கிராம அதிகாரிகள் மக்களுக்கு எடுத்துரைத்தல் நலம். மருந்திட்ட நாயோ வீட்டைத் துப்புரவு செய்யும் பொறியாகவே பயன்படுகின்றது: கூட்டிலிருந்து வெளிப்படும் பூச்சிகள் அதன்மேல் ஏறி மடிகின்றன.

நோய்கள்

தெள்ளுக்கடி வெறும் அரிப்போடு நிற்பதன்று. பூச்சி மிகுந்த நாய்க்குட்டி இரத்தம் குன்றி, ஈறு வெளுத்து, சில நாட்களில் இறந்துபோதலும் உண்டு. சில நாய்களுக்குச் சில கடிகளாலேயே தோல் புண்ணாகி மயிர் உதிரும். நாடாப்புழுவில் ஒரு வகை தெள்ளின் வயிற்றில் வளர்கின்றது. அத்தெள்ளை விழுங்கும் நாய்க்கும், தற்செயலாக விழுங்கும் குழந்தைக்கும் அப்புழு உண்டாகும்.

எலித்தெள்ளு இதனினும் கொடியது. 1896-இல் பம்பாயில் பிளேக்கு பரவியபின், 1898-இல் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சீமோன், எலியிலிருந்து தெள்ளு வழியே அந்நோய் பரவுவதைக் கண்டறிந்தார். துறைமுக நகரமாயிருந்தும் சென்னை அந்நோய்க்குப் பெரிதும் தப்பியதற்கு, இங்குள்ள எலிகளில் நோயை எளிதிற் பரப்பாத வேறோர் இனத் தெள்ளு மிகுந்திருந்ததே காரணம் என்பது கொழும்பில் பணிபுரிந்த டாக்டர் ஹெர்ஸ்டின் கருத்து. இதிலிருந்து குடித்தனக்காரர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. எலி இறந்ததும் அதன் தெள்ளுகள் உடலை விட்டு நீங்கி வேறு உயிரைத் தேடும். ஆதலால் தானியக் கிடங்கில் எலிக்கு நஞ்சு வைப்போர் இறந்த எலியைக் கையால் தொடாமல் உடனே அகற்றிப் புதைத்தல் வேண்டும்.

ஒழிக்கும் முறை

நாயும் வீடும் சுற்றுப்புறமும் ஒரே காலத்திற் கவனிக்கப்படவேண்டும்.

முதலாவது, வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே நாளில் மருந்திடுக. ஒன்றை விட்டுவிட்டால் முயற்சி வீணாகும். பிப்ரோனில் போன்ற, பிடரியில் ஊற்றும் மருந்துகளும், ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் முதலிய வாய்வழி மாத்திரைகளும் இப்போது கிடைக்கின்றன. நாயின் எடையையும் வயதையும் கால்நடை மருத்துவரிடம் கூறி, அவர் குறிக்கும் அளவே கொடுத்தல் வேண்டும். வலிப்புக் கண்ட நாயாயின் அதனையும் தெரிவித்தல் அவசியம். பிடரியில் ஊற்றும் மருந்திடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டலாகாது. மிக இளங்குட்டிகளுக்கு மருந்திடாமல், தினமும் சீப்பினால் வாரிப் பூச்சிகளைச் சோப்பு நீரிற் போட்டுக் கொல்லுதலே தக்கது.

இரண்டாவது, நாய் படுக்கும் துணியையும் கோணியையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் உலர்த்துக. நைந்த கோணியைக் கொளுத்திவிடுதல் மேல். கட்டிலின் அடி, மூலைமுடுக்கு, வலைக் குவியலின் அடி ஆகியவற்றைத் தினந்தோறும் பெருக்கி, குப்பையை வீட்டருகே கொட்டாமல் சோப்பு நீரிலிட்டோ எரித்தோ அழித்தல் வேண்டும். உறிஞ்சு இயந்திரம் உள்ளவர்கள் அதனைப் பயன்படுத்தலாம். அதன் அதிர்வு கூட்டிலுள்ள பூச்சிகளையும் வெளிப்படச் செய்யும். தரை வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிடுக. தொல்லை மிகுந்தால், பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் கலந்த தெளிமருந்தைத் தேர்ந்தவர்களைக் கொண்டு அடிக்கலாம்.

மூன்றாவது, நாய் படுக்கும் நிழலான மணலையும் திண்ணையடியையும் சருகு நீக்கி, வெயில் படுமாறு திறந்துவிடுக. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இதனைச் செய்துவிடின் பெரும்பயன் உண்டு.

தவிர்க்கவேண்டியவை

வயலுக்கென வாங்கிய பூச்சிமருந்தை நாயின்மேல் பூசுதல் ஒருபோதும் கூடாது. நாய் தன் உடலை நக்குவதால் நஞ்சு வயிற்றினுட் சென்று உயிரைப் போக்கும். நாயைத் தழுவும் குழந்தைக்கும் தீங்கு நேரும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். மீனுக்கும் இறாலுக்கும் அது கொடிய நஞ்சாகையால், கலங்களைக் கழுவிய நீரைக் குளத்திலோ கழிமுகத்திலோ விடலாகாது. தரையில் உப்புத் தூவும் வழக்கமும் கடலோரத்தில் பயனற்றது. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசிந்து, தரையை நனைத்துப் புழுவுக்கே உதவுகின்றது. வேப்பிலைப் புகை சில பூச்சிகளை விரட்டுமேயன்றிக் கூட்டை அழிக்காது.

பொறுமையின் அவசியம்

மருந்திட்ட இரண்டு வாரங்களுக்குப் பின்னும் பூச்சிகள் தென்படுவது கண்டு, மருந்து பொய்த்தது என்று கைவிடுவோரே மிகுதி. அவை முன்பே கட்டிய கூடுகளிலிருந்து வெளிப்படுவன. நாய்க்கு மருந்தைக் குறித்த காலம் தவறாமல் மூன்று மாதமாவது தொடர்ந்து இட்டு, பெருக்குதலையும் வெயிலில் உலர்த்துதலையும் விடாது செய்துவரின், புதிய முட்டை இடப்படாமையால் பழைய கூடுகள் தாமே தீர்ந்துபோகும். ஒரு வீட்டார் மட்டும் செய்வதினும், ஒரு தெருவார் கூடி ஒரே வாரத்தில் செய்தால் பலன் நிலைக்கும். அதற்கு வேண்டிய ஏற்பாட்டைக் கிராம அதிகாரிகள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தோடு கலந்து செய்வார்களாயின், நாயையும் இழவாமல் உறக்கத்தையும் இழவாமல் மக்கள் சுகமாக வாழ்வர் என்பது திண்ணம்.