சீசன் முடிஞ்ச பிறகு வாங்க!

ஆனி, ஆடி பிறந்துவிட்டால் தென்காசி, மேலகரம், இலஞ்சிப் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தபந்தங்கள் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து இறங்கிவிடுவார்கள். மெயினருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், ராத்திரி படுக்கை ஆச்சி வீட்டில். கொடியில் ஈரத்துணி போட இடம் இருக்காது. (அத்தனை பேருக்கும் ஆச்சிதான் சமையல். அது வேறு கதை!)

சாரல் நின்றதும்? கடைசிக் கார் தெருமுனை திரும்பியதோடு சரி. அடுத்த ஆனி வரை அந்த வீட்டில் தார்சாவும், டி.வி.யும், ஒற்றை ஆளும்தான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல வரவில்லை. வேலை பெங்களூரில், துபாயில் என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? தினமும் போன் பண்ணுகிறார்கள். "நான் நல்லா இருக்கேன்ய்யா, எனக்கென்ன கொறச்சல்" என்று பதிலும் வருகிறது. சிக்கலே அங்குதான். போனில் குரல் கேட்கும், கால் வீக்கம் தெரியாது. வீடியோ காலில் முகம் தெரியும், புறவாசலில் படர்ந்திருக்கிற பாசி தெரியாது. நேரில் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிற நீங்களாக இருக்கலாம்.

"பேச்சுத் துணைக்குப் போவதெல்லாம் மருத்துவமா?" என்கிறீர்களா? 2010-ல் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய கணக்கு அது. மற்றவர்களோடு நல்ல உறவும் பழக்கமும் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025-ம் வருட அறிக்கையோ, ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகச் சொல்கிறது.

நம் ஊர்க் கணக்கிலேயே பாருங்களேன். ஒரு ஆளுக்காக என்ன சமையல் என்று அலுப்பு. கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்று ஆகிவிடும். சில நாள் அதுவும் இல்லை. ஆனால் காலையில் சுகர் மாத்திரை மட்டும் தவறாமல் போட்டாயிற்று. என்ன ஆகும்? ரத்தத்தில் சர்க்கரை சர்ரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல்... பக்கத்தில் யாராவது இருந்தால் சீனித் தண்ணீர் கொடுத்தே காப்பாற்றிவிடலாம் (நினைவு இருந்து, விழுங்கவும் முடிந்தால் மட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்). ஆளில்லாத வீட்டில்?

இந்த வேலையை முறையாகச் செய்துகாட்டியவர்கள் ரொம்ப தூரத்தில் இல்லை. செங்கோட்டையில் ரயில் ஏறி ஆரியங்காவு தாண்டினால் கேரளா. (செங்கோட்டையே 1956 வரை அந்தப் பக்கத்துச் சீமையில்தானே இருந்தது!) அங்கே 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் வலி நிவாரண சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதலில் பெரும்பாலும் புற்றுநோயாளிகளுக்குத்தான். பிறகு மலப்புரம் போன்ற மாவட்டங்களில் தெருக்காரர்களே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். 16 மணி நேர வகுப்பு, கூடவே அனுபவசாலிகளோடு நான்கு நாள் நேரடிப் பயிற்சி. அதற்கப்புறம் படுக்கையில் இருப்பவர்கள், முதியவர்கள் வீடுகளுக்கும் போகத் தொடங்கினார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. டாக்டர் வருவதற்கு முன்பே நிலைமையைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர் பக்கத்துத் தெரு ஆள் என்பதுதான் அங்கே விசேஷம்.

நீங்கள் போனால் என்ன செய்வது? முதலில் கிழமையையும் நேரத்தையும் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். செவ்வாய் சாயங்காலம் நாலரை என்றால் நாலரைதான். "எப்பவாச்சும் வாரேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாசத்தில் ஒருநாள் பழக்கூடையோடு போய் மூன்று மணி நேரம் இருப்பதைவிட, வாரா வாரம் வெறுங்கையோடு அரை மணி நேரம் மேல்.

"இரி, காப்பி போடுதேன்" என்றால் மறுக்காதீர்கள். உபசரிப்பது அவருக்குக் கௌரவம். உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு: எழுந்து நடக்கும்போது தடுமாறுகிறாரா, டம்ளரைப் பிடிக்கும் கை நடுங்குகிறதா, பால் நேற்றையதா, இன்றையதா... எல்லாம் கேள்வி கேட்காமலே தெரிந்துவிடும். வளையல் முழங்கை வரை நழுவுகிறதா? எடை குறைந்திருக்கிறது. டி.வி. சத்தம் தெருவுக்கே கேட்கிறதா? காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சுகர் உள்ளவரென்றால் பாதத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்திப் புண்ணானாலும் வலிக்காது.

மாத்திரை டப்பாவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு டாக்டர்கள் ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் எழுதியிருப்பார்கள், அவரும் இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்! நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு அடுத்த தடவை டாக்டரிடம் காட்டச் சொன்னால் போதும்.

சாரல் காலத்தில் முக்கியமான எதிரி பாசி. புறவாசல் கல், குளியலறைத் தரை, கிணற்றடி எல்லாம் வழுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆள் பிடித்துக் கொடுங்கள். கொத்தனாரைக் கூப்பிட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடி வைத்தால், இடுப்பெலும்பு முறிவிலிருந்து தப்பலாம். ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு நிற்கச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் பி.பி. இறங்கித் தலை சுற்றும்.

வழக்கமாகத் தெளிவாகப் பேசுகிறவர் திடீரென்று குழறினால், நாள் கிழமை மறந்து உளறினால், "வயசாயிட்டு" என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சுகர் குறைவு, பக்கவாதம்... எதுவாகவும் இருக்கலாம். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ உடனே 108.

செய்யக் கூடாதவை சில. ஏ.டி.எம். கார்டை வாங்காதீர்கள், கடனும் கேட்காதீர்கள், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் வேண்டாம். உங்கள் வீட்டு மாத்திரையையோ கஷாயத்தையோ கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக் கதை அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது சேவை இல்லை, சார்! பிள்ளைகளுக்கு விஷயம் சொல்வதானாலும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முதல் நாள் தனியாகப் போய்க் கதவைத் தட்டவும் வேண்டாம். தனியாக இருக்கும் பெரியவர்கள் புது ஆளைக் கண்டு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த பால்காரரையோ, கோயில் சிநேகிதியையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

உங்களால் தீராத விஷயம் வந்தால் அரசாங்க வழிகள் உண்டு. முதியோருக்கான 14567 உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பெற்ற பிள்ளைகளே கைவிட்டிருந்தால், 2007-ம் வருடச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. பரீட்சை, பிரசவம், இடமாற்றம் என்று நீங்களும் ஒருநாள் வரமுடியாமல் போகலாம். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே அடுத்து வரப்போகிறவரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்து, "இனிமே செவ்வாக்கிழமை நாலரைக்கு இவுக வருவாக ஆச்சி, காப்பியிலே சீனி கம்மியாப் போடணும்" என்று அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.